தேடலுக்கு ஒரு பெயர்

கட்டளை வரி என்பது, படங்களையும் பொத்தான்களையும் சுட்டிச் சொடுக்குவதற்கு மாறாக, விசைப்பலகையில் ஒரு வரியைத் தட்டச்சு செய்து அதன் வழியே கணினியிடம் வேலை வாங்கும் முறையாகும். கைப்பேசித் தலைமுறைக்கு இது பழங்காலத்து எச்சமாகத் தோன்றினாலும், வழங்கிகளை நிர்வகிப்போரும் நிரலாளரும் பெரிய உரைத் தொகுப்புகளோடு மல்லுக்கட்டும் மொழி ஆய்வாளரும் அதைக் கைவிடவில்லை; ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குள் புகுந்து ஒரு சொல்லையோ சொல்லின் சாயலையோ நொடிப்பொழுதில் வெளிக்கொணரும் ஆற்றல் அங்கேதான் தங்குதடையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் அங்குள்ள தேடல் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. கேட்டதைத் தேடித் தந்தவுடன் அவை எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றன. நேற்று அரை மணி நேரம் திருத்தித் திருத்தி அமைத்த தேடலை இன்று மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அடிக்கடி தேவைப்படும் தேடலை எங்கே, எந்த வடிவில், எந்தப் பெயரில் வைத்துக்கொள்வது என்னும் சிறிய வினா, கணினியியலின் வரலாற்றில் வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது.

இத்தகைய கருவிகளுள் தலையாயதான கிரெப்பின் பிறப்பே இந்த வினாவோடு தொடர்புடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய ‘எட்’ என்னும் உரைத்தொகுப்பியில், கோப்பு முழுவதிலும் ஒரு வடிவத்தைத் தேடிப் பொருந்தும் வரிகளை மட்டும் அச்சிடும் கட்டளை ஒன்று இருந்தது. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 1787இலும் 1788இலும் எழுதப்பட்ட ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85இல் சிலவற்றை எழுதியவர் யார் என்பதை ஆராய விரும்பிய லீ மெக்மேகன், அந்தக் கட்டுரைத் தொகுதி எட்டின் நினைவகத்துக்குள் அடங்காததால் திணறினார் என்றும், தாம்சன் அந்த ஒரு கட்டளையை மட்டும் தொகுப்பியிலிருந்து பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கித் தந்தார் என்றும் அவர்களோடு பணியாற்றிய பிரையன் கெர்னிகன் பின்னாளில் கூறியுள்ளார். அவ்வாய்வகத்தின் இயக்குதளமான யூனிக்ஸின், 1973இல் வெளிவந்த நான்காம் பதிப்பின் கையேட்டில் கிரெப் இடம்பெற்றது. எட்டில் அந்தத் தேடலைத் தட்டச்சு செய்யும் வாய்பாடே அதற்குப் பெயராயிற்று. அவ்வகையில் நோக்கினால், பலரும் நாள்தோறும் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு தேடலைச் சேமித்துப் பெயரிட்டதன் விளைவுதான் கிரெப் எனலாம்.

கிரெப்பிடம் தரப்படும் தேடல் வெறும் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. பல சொற்களை ஒரே குறியீட்டில் அடக்கும் சுருங்குறித்தொடர் என்னும் எழுத்துமுறையை அது புரிந்துகொள்கிறது. வாரன் மெக்கல்லாக், வால்டர் பிட்ஸ் ஆகிய இருவரும் 1943இல் முன்வைத்த நரம்பணு வலைகளின் கணித மாதிரி எத்தகைய நிகழ்வு வரிசைகளை இனங்காண வல்லது என்பதைக் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி 1951இல் ஆராய்ந்தபோது, அதற்கென அவர் வகுத்த குறியீடே இதன் மூலம். தருக்கவியலரின் தாளில் கிடந்த அந்தக் குறியீட்டைத் தேடலுக்குக் கொண்டுவந்த தாம்சன், தரப்படும் தொடரை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திரக் கட்டளைகளாகவே உடனுக்குடன் மாற்றும் வழியை 1968இல் வெளியிட்டார். இக்குறியீட்டில் நெடுங்கோடு ‘அல்லது’ என்னும் பொருளையும், அடைப்புக்குறி சேர்த்துக் கட்டுவதையும், புள்ளி ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பதையும், உடுக்குறி ‘எத்தனை முறையாயினும்’ என்பதையும் உணர்த்தும். இலக்கணம் இவ்வளவு சிறிது. ஆனால் இதில் நல்ல தொடர் ஒன்றை எழுதுவது அவ்வளவு சிறிய வேலையன்று, தமிழில் அது இன்னும் கடினம்.

1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் போன்ற ஒரு தொகுப்பில், மரங்களைப் பற்றிய வரிகளைத் திரட்ட விரும்பும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ‘மரம்’ என்று தேடினால் மரம் கிடைக்கும். மரத்தை, மரங்கள், மரக்கிளை, மரப்பட்டை எவையும் கிடைக்கமாட்டா. ‘மரமும்’ என்பதுகூடக் கிடைக்காது. ஏனெனில் கணினியின் கணக்கில் ‘மரம்’ என்பது ம, ர, ம, புள்ளி என்னும் நான்கு குறியெண்களின் வரிசை. ‘மரமும்’ என்பதிலோ மூன்றாவதன் பின் புள்ளிக்கு மாறாக உகரக்குறி வருகிறது. ‘மர’ என்று மட்டும் தேடினால் மரபும் மரணமும் மரகதமும் வெள்ளமாக வந்து சேரும். ஆகவே மர(ம|த்|ங்|க்|ச்|ப்) என்று எழுதும் நிலைக்கு ஆய்வாளர் வருகிறார். சாரியையும் வல்லின மிகுதலும் படித்தவர் இந்த அடைப்புக்குறிக்குள் நன்னூலின் சாயலைக் காண்பார். இப்போது மரபும் மரணமும் மரகதமும் விலகிவிடுகின்றன. மாறாகச் சாமரம் நுழைகிறது, அமரத்துவம் நுழைகிறது, கால் மரத்துப்போனவர் நுழைகிறார், குமரப்பாவும் நுழைகிறார். காந்தியப் பொருளியலரான ஜே. சி. குமரப்பாவை மரங்களோடு சேர்த்ததற்காகச் சூழலியலர் யாரும் வருந்தமாட்டார்கள் என்றாலும், தேடல் என்ற முறையில் அது பிழையே.

சொல்லின் தொடக்கத்தில் வருவதை மட்டும் ஏற்க வேண்டும் எனக் கட்டுப்படுத்தினால் சாமரமும் குமரப்பாவும் நீங்கும். ஆனால் மாமரமும் புளியமரமும் அவற்றோடு சேர்ந்து நீங்கிவிடும். அன்றியும் சொல்லின் எல்லை எது என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. எடுத்துக்காட்டாக, பைத்தான் மொழியோடு வரும் இயல்பான தேடல் நூலகம் மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கருதாமல், ஒரே தமிழ்ச் சொல்லை நடுவில் துண்டு துண்டாக்கிவிடுகிறது. எஞ்சிய வழி, முதல் தேடலின் விளைவை இரண்டாவது தேடல் ஒன்றுக்குள் செலுத்தி, சாமரமும் குமரப்பாவும் அமரத்துவமும் வரும் வரிகளைக் கழித்துவிடச் சொல்வதாகும். கிரெப்பில் பொருந்தாத வரிகளை மட்டும் காட்டச் சொல்லும் தெரிவு உண்டு. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் குழாய் என்னும் அமைப்பு யூனிக்ஸில் 1973 முதலே இருந்துவருகிறது. மன்னனுக்குச் சாமரம் வீசும் அதே வரியில் காவல்மரமும் இடம்பெற்றிருந்தால் அவ்வரி இழக்கப்படும் என்பதை ஆய்வாளர் அறிந்தே ஏற்கிறார். இவ்வாறு பல சோதனைகளுக்குப் பின் உருவாகும் ஈரடுக்குத் தேடல் ஒரு சிறு ஆய்வின் பயனாகவே இருப்பதால், திரையை மூடியதும் அது மறைந்துபோவது உழைப்பை வீணாக்குவதாகும்.

சேமிப்பின் முதற்படி, யாரும் சேமிக்க எண்ணாமலேயே நிகழ்கிறது. பயனர் தட்டச்சு செய்யும் வரிகளை வாங்கி, உரிய நிரல்களை இயக்கி, விளைவைத் திரும்பத் தரும் இடையாளான நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், தட்டச்சு செய்யப்பட்ட கட்டளைகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டது. இரண்டு வியப்புக்குறிகளைத் தட்டினால் முந்தைய கட்டளை மீண்டும் இயங்கும், ஒரு வியப்புக்குறியை அடுத்துச் சில எழுத்துகளைத் தட்டினால் அவ்வெழுத்துகளில் தொடங்கும் அண்மைக் கட்டளை இயங்கும். இன்று பரவலாக வழங்கும் பாஷ் ஷெல்லில், கண்ட்ரோல் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் பழைய கட்டளைகளுக்குள்ளேயே பின்னோக்கித் தேட முடிகிறது. தேடலைத் தேடும் வசதி என்று அதைச் சொல்லலாம். எனினும் இது தற்செயலான நினைவே ஆகும். இயல்பான அமைப்பில் பாஷ் அண்மைய 500 கட்டளைகளை மட்டுமே வைத்துக்கொள்கிறது. இரண்டு முனையச் சாளரங்கள் திறந்திருந்தால் கடைசியாக மூடப்படுவதன் வரலாறு மற்றதன் மேல் எழுதப்பட்டுவிடலாம். வேண்டாதவையும் இதே நினைவில் தங்கிவிடுகின்றன: கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்த கடவுச்சொல், எளிதில் படிக்கத்தக்க கோப்பாக அங்கே கிடக்கும். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டால் அவ்வரியைப் பதிய வேண்டாம் என்று பாஷுக்குச் சொல்லிவைக்கும் அமைப்பு இதற்காகவே ஏற்பட்டது.

இரண்டாம் படி, பெயரிடுதல். நீண்ட கட்டளை ஒன்றுக்குச் சிறிய மாற்றுப்பெயர் சூட்டும் வசதியையும் சி ஷெல்தான் பரவலாக்கிற்று. பாஷில் இந்த மாற்றுப்பெயர் மிக எளிய ஒன்று; வரியின் முதற்சொல்லாக அது வரும்போது, சேமித்துவைத்த எழுத்துத் தொடரை அவ்விடத்தில் அப்படியே இட்டு நிரப்புவதற்கு மேல் எதுவும் செய்யாது. எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்பதைத் தொடரின் நடுவே செருக வேண்டிய ஈரடுக்குத் தேடலுக்கு அது போதாது. நெடுங்கோடும் அடைப்புக்குறியும் உடுக்குறியும் ஷெல்லுக்கும் தனிப்பொருள் உடையவையாதலால், அவற்றை மேற்கோளுக்குள் பொதிந்து, மாற்றுப்பெயர் வரையறைக்காக மீண்டும் ஒருமுறை மேற்கோளுக்குள் பொதிய வேண்டியும் இருக்கிறது. சேமிக்கும்போது பழுதாகும் தேடல்களில் பெரும்பான்மை இந்த இரட்டைப் பொதிவில்தான் பழுதாகின்றன. ஆகவே மதிப்புகளை ஏற்கும் ஷெல் சார்பாகவோ, தனிக் கோப்பில் எழுதப்படும் ஸ்கிரிப்ட் என்னும் குறுநிரலாகவோ தேடலைச் சேமிப்பதே உறுதியான வழி. கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து, இடையிடையே மதிப்புகளை மாற்றி இயக்கும் இம்முறை யூனிக்ஸைவிடப் பழையது. எம்ஐடி நிறுவனத்தின் பகிர்நேரக் கணினிக்காக லூயி பூசான் 1960களின் முற்பகுதியில் எழுதிய ரன்காம் என்னும் நிரல் அதைத்தான் செய்தது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு கவனிக்கத்தக்கது. தேடலுக்குப் புதுப் பெயர் ஒன்றைச் சூட்டுவது வேறு. பழைய பெயரின் பொருளையே சத்தமின்றி மாற்றுவது வேறு. முதல் வகைக்கு ஈகிரெப் நல்ல சான்று. ஆல்ஃபிரட் அஹோ 1970களின் நடுவில் எழுதிய அந்தக் கருவி முதலில் தனி நிரலாக இருந்து, காலப்போக்கில் கிரெப்பின் கட்டற்ற மென்பொருள் வடிவமான குனூ கிரெப்போடு இணைந்து, இறுதியில் ‘விரிந்த இலக்கணத்தோடு தேடு’ என்னும் தெரிவுடன் கிரெப்பை அழைக்கும் ஓரிரு வரிக் குறுநிரலாகச் சுருங்கிப்போயிற்று. 2022இல் வெளிவந்த குனூ கிரெப் 3.8 பதிப்பு முதல், அப்பெயரைப் பயன்படுத்துவோருக்கு அது வழக்கொழிந்தது என்னும் எச்சரிக்கை காட்டப்படுகிறது. கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதைத் தவிர அதனால் பெரும் சேதம் ஏதுமில்லை.

இரண்டாம் வகையின் கதை அவ்வளவு அமைதியானதன்று. எல்லா நிரல்களும் படிக்கத்தக்க வகையில் ஷெல் வைத்திருக்கும் பெயர்–மதிப்பு இணைகளுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் தெரிவுகளை அத்தகைய ஒரு மாறியில் எழுதிவைத்துவிட்டால், கிரெப்பை எப்போது அழைத்தாலும் அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும் வசதியைக் குனூ கிரெப் நெடுங்காலம் அளித்துவந்தது. பயனர் ஒருவர் வரி எண்ணும் வேண்டும், வண்ணமும் வேண்டும் என்று அதில் எழுதிவைப்பார். முனையத்தில் பார்க்க அது அழகாகவே இருக்கும். ஆனால் அவருடைய கணினியில் வேறு யாரோ எழுதிய குறுநிரல்களும் இதே கிரெப்பைத்தான் அழைக்கின்றன. வெறும் சொல்லை எதிர்பார்த்து நின்ற நிரலுக்கு ‘17:’ என்னும் முன்னொட்டும், வண்ணத்துக்கான மறைகுறிகளும் சேர்ந்து வரும்போது, மென்பொருளை நிறுவும் பணி காரணம் விளங்காமல் நடுவழியில் முறிந்துபோகும். பிழையைத் தேடுபவர் எல்லாக் கோப்புகளையும் துருவிப் பார்ப்பாரே தவிர, கண்ணுக்குத் தெரியாத அந்த மாறியை ஐயுறமாட்டார். 2014இல் வந்த 2.21 பதிப்பில் இந்த வசதி வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2020இல் வந்த 3.6 பதிப்பு முதல் அம்மாறி கிரெப்பின் போக்கில் எவ்விதத் தாக்கமும் செலுத்துவதில்லை. 2016இல் ஆண்ட்ரூ கேலன்ட் வெளியிட்ட ரிப்கிரெப் என்னும் வேகமான தேடல் கருவியில் அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. ஆனால் அக்கோப்பு எங்கிருக்கிறது என்பதைப் பயனர் வெளிப்படையாகச் சுட்டினாலன்றி அக்கருவி தானாக எங்கும் சென்று அதைத் தேடுவதில்லை. குறிப்பிட்ட ஓர் அழைப்பில் அந்தக் கோப்பைப் புறக்கணிக்கச் சொல்லவும் தனித் தெரிவு இருக்கிறது. முந்தைய அனுபவத்தை அறிந்தவருக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

கட்டளையை முழுதாகச் சேமிக்காமல், தேட வேண்டியவற்றை மட்டும் பட்டியலாகச் சேமிப்பது இன்னொரு மரபு. பெல் ஆய்வகத்தில் நூற்பட்டியல் தேடலுக்கான நிரலை எழுதிய மார்கரெட் கொராசிக், பல திறவுச்சொற்களைக் கொண்ட பெரிய தேடல்கள் கணினிச் செலவின் உச்சவரம்பான 600 டாலரைத் தாண்டிவிடுவதைக் கண்டு அஹோவை நாடினார். ஒவ்வொரு சொல்லுக்கும் உரையை ஒருமுறை வாசிப்பதற்கு மாறாக, எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே ஒரே நிலைமாற்ற வரைபடமாகப் பின்னிவைத்துவிட்டால், சொற்கள் பத்தாயினும் ஆயிரமாயினும் உரையை ஒரே ஒருமுறை இடமிருந்து வலமாகக் கடந்தால் போதும் என்பது அவர்கள் கண்ட வழி. செலவு ஏறத்தாழ 25 டாலராகக் குறைந்தது என்றும், அது நாடாவிலிருந்து தரவை வாசிப்பதற்கான செலவேயன்றி வேறல்ல என்றும் அஹோ நினைவுகூர்ந்திருக்கிறார். 1975இல் வெளியான அஹோ–கொராசிக் வழிமுறை இன்று நச்சுநிரல் தடுப்பான்கள் வரை பரவியுள்ளது. தேட வேண்டிய வடிவங்களை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பைச் சுட்டினால் அவை அனைத்தையும் ஒருசேரத் தேடும் தெரிவு இப்போது கிரெப்பிலேயே இருக்கிறது. மரப்பெயர்களான வேம்பு, புங்கை, இலுப்பை, மருது, கொன்றை என்பவற்றைக் கோப்பில் எழுதிவைப்பவர், நிரலில் கைவைக்காமலேயே நாளை நாவலையும் சேர்க்கலாம். அக்கோப்பை உடன் பணிபுரிபவருக்கும் அனுப்பிவைக்கலாம்.

தெரிவுகள், வடிவம், பெயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே சேமிக்கும் சிறு கருவிகளும் தோன்றியுள்ளன. மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகளைத் துருவுவோரிடையே வழங்கும் ஜிஎஃப் என்பது அவற்றுள் ஒன்று. பயனரின் இல்லக் கோப்புறையில் மறைவாக உள்ள ஓர் உட்கோப்புறையில், ஒரு தேடலுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில், ஜேசன் என்னும் எளிய தரவு வடிவத்தில் அது தேடல்களைச் சேமிக்கிறது. கோப்பின் பெயரே தேடலின் பெயர். வேலை முழுவதையும் கிரெப்பிடமே ஒப்படைத்துவிட்டு, பெயரைச் சொன்னால் உரிய கட்டளையைக் கட்டித் தருவதோடு அது நின்றுவிடுகிறது. இத்துறையினர் அடிக்கடி தேடுபவை தம் உருவத்தாலேயே அடையாளம் காணத்தக்கவை. அமேசானின் மேகக்கணிமைச் சேவைக்கான நீண்டகால அணுகுதிறவு ஒன்றின் அடையாளம் ஏ, கே, ஐ, ஏ என்னும் நான்கு ஆங்கிலப் பேரெழுத்துகளில் தொடங்கி, மேலும் 16 பேரெழுத்துகளோ எண்களோ தொடர்ந்து, மொத்தம் 20 குறிகளாக அமையும். நிரலாளர் மறதியால் மூலநிரலில் விட்டுச்சென்ற திறவை இந்தத் தோற்றத்தைக் கொண்டே பிடித்துவிடலாம். இதே தேடலை நிரலாளரின் கணினியிலேயே பதித்துவைத்து, கிட் என்னும் பதிப்புக் காப்பகத்தில் ஒவ்வொரு மாற்றமும் சேர்வதற்கு முன் தானாக இயங்கச் செய்யும் கிட்–சீக்ரெட்ஸ் என்னும் கருவியும் உண்டு. தாக்குபவர் பட்டியலிலும் காப்பவர் பட்டியலிலும் ஒரே சுருங்குறித்தொடர் இடம்பெற்றிருப்பது இத்துறையின் இயல்பு.

தேடலைச் சேமிப்பது என்னும்போது சேமிக்கப்படுவது வினாவே, விடையன்று. விடையைச் சேமிக்கும் கருவிகளும் கட்டளை வரியில் நெடுங்காலமாக உள்ளன: லொகேட் என்னும் கட்டளை, கணினியில் உள்ள கோப்புப் பெயர்கள் அனைத்தையும் குறித்த கால இடைவெளியில் ஒரு தரவுத்தொகுதியில் எழுதிவைத்து, தேடும்போது அதை மட்டுமே புரட்டிப் பார்க்கிறது. அதனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை கிடைக்கும். ஆனால் பத்து நிமிடங்களுக்கு முன் உருவான கோப்பு அதன் கண்ணில் படாமலும், காலையில் அழிக்கப்பட்ட கோப்பு இன்னும் உயிரோடிருப்பது போலவும் தோன்றக்கூடும். சேமித்த வினாவோ ஒவ்வொரு முறையும் அன்றைய உலகைப் பார்த்து விடை சொல்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் முன்மொழிந்த அமைப்பு ஒன்றில், பணியாளர் ஒவ்வொருவரின் ஆர்வமும் சொற்களின் கோவையாகப் பதிந்துவைக்கப்பட்டு, புதிய ஆவணம் வரும்போதெல்லாம் அது அந்தக் கோவைகளோடு ஒப்பிடப்பட்டு உரியவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்றிருந்தது. எம்ஐடியின் டேவிட் கிஃபர்டும் உடன் பணியாற்றியோரும் 1991இல் விவரித்த பொருள்சார் கோப்பு முறைமையில், ஒரு கோப்புறைக்குள் நுழைவதே ஒரு தேடலை இயக்குவதாக அமைந்திருந்தது. 2009இல் கார்ல் வொர்த் தொடங்கிய நாட்மச் என்னும் கட்டளை வரி மின்னஞ்சல் கருவி மேலும் ஒரு படி சென்று, சேமித்த தேடலின் பெயரை மற்றொரு தேடலுக்குள் உறுப்பாக வைக்க இடந்தருகிறது. ‘குழுமடல்கள்’ என்று ஒன்றையும் ‘இவ்வாரம்’ என்று ஒன்றையும் வரையறுத்தவர், முன்னதை நீக்கிப் பின்னதைக் கேட்கலாம். முன்னதன் வரையறை நாளை மாறினால், அதைப் பயன்படுத்தும் எல்லாத் தேடல்களும் உடன் மாறிக்கொள்ளும். நிரலாக்க மொழியின் தன்மை இவ்விடத்தில் தேடலுக்குள் புகுந்துவிடுகிறது.

எனினும் சேமித்த வினா மூப்படையாது என்று கொள்வதற்கில்லை. உரை மாறும், அப்போது, எழுதியவர் கற்பனை செய்திராத தரவின் மேல் பழைய தொடர் ஓடும். 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் வினா–விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோ 34 நிமிடங்கள் முடங்கியதற்கு, வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்குவதற்கென எழுதப்பட்ட மிக எளிய சுருங்குறித்தொடரே காரணம். யாரோ இட்ட பதிவொன்றில், வரியின் முடிவில் அமையாத சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து இருந்தன. முதல் வெற்றிடத்திலிருந்து 20,000 படி ஓடி, முடிவு அங்கில்லை என்று கண்டு, இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மீண்டும் ஓடி, இவ்வாறு ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடுகளை வழங்கிகள் செய்ய நேர்ந்தது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தீச்சுவர் விதியொன்றில் இருந்த சுருங்குறித்தொடர், உலகெங்கும் உள்ள அதன் வழங்கிகளின் செயலிகளை முற்றாக விழுங்கிக்கொண்டதால், அதன் வழியே இயங்கிய தளங்கள் சுமார் 27 நிமிடங்கள் தடைப்பட்டன. ஒவ்வொரு வாய்ப்பாகச் சென்று பார்த்துத் தோற்றால் திரும்பிவந்து அடுத்ததைப் பார்க்கும் பின்வாங்கு முறையில் இயங்கும் தேடற்பொறிகளுக்கே உரிய நோய் இது. எல்லா வாய்ப்புகளையும் ஒருங்கே கைக்கொண்டு, உரையின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே முறை கடக்கும் தாம்சனின் 1968ஆம் ஆண்டு வழியில் இத்தகைய வெடிப்பு நிகழாது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய தீர்வு கையில் இருக்க, பெருவழக்கான மொழிகள் பலவும் மற்ற வழியைத் தேர்ந்துகொண்டது ஓரளவுக்கு வசதிக்காக. முன்னர்ப் பிடித்த பகுதியையே மீண்டும் சுட்டித் தேடுவது போன்ற கூடுதல் வசதிகள் பின்வாங்கு முறையில்தான் எளிதாகக் கிடைக்கின்றன.

தமிழில் தேடுபவருக்கு மற்றொரு மூப்பும் உண்டு. ‘கொன்றை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று, எகரக்குறியையும் ஆகாரக்காலையும் இரு குறியெண்களாக அடுத்தடுத்து வைப்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரநூல் விதித்துள்ளது. திரையிலும் தாளிலும் அவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாது. ஆனால் கிரெப் குறியெண்களையே ஒப்பிடுவதால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றதைக் காட்டாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பின்னர் மாற்றப்பட்ட உரைகளில் இரண்டாம் வடிவம் தங்கியிருப்பதுண்டு; ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்துவந்தது. உரை முழுவதையும் தேடலுக்கு முன்பே ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது முறையான தீர்வு. பிறருடைய கோப்புகளில் கைவைக்க இயலாதவர், தாம் சேமிக்கும் தொடரிலேயே இரு வடிவங்களையும் நெடுங்கோட்டால் பிரித்து எழுத வேண்டும். அவ்வாறு எழுதிய தொடரில் கோட்டுக்கு இருபுறமும் ஒரே எழுத்து இருமுறை இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். பின்னாளில் அதைத் திறப்பவர், எழுதியவரேயாயினும், மிகையென்று கருதி ஒன்றை அழித்துவிடக்கூடும். ஜேசன் வடிவத்தில் குறிப்புரை எழுத இடமில்லை. தமிழ்த் தேடல்களைச் சேமிப்போருக்கு ஷெல் குறுநிரலே ஏற்றது என்பதற்கு இதுவே போதிய காரணம். அங்கே கட்டளைக்கு மேலே எண்குறியிட்டு ஒரு வரி எழுதிவைக்கலாம், ஷெல் அதைப் பொருட்படுத்தாது.